கார்ப்பெட்டைக் கவுத்துப் போடுங்க பாஸ்!

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டு ஹாலுக்கு ஒரு வி.ஐ.பி. வந்தார். சிவப்பு நிறம், நடுவில் பெரிய பூ, ரெண்டு முனையிலும் வெள்ளைக் குஞ்சம். ஒரு எக்ஸிபிஷனில் அம்மா வாங்கிய கார்ப்பெட். ‘பெர்ஷியன் டிசைன் மேடம்... முழுக்க ஹேண்ட்மேட்’ என்று ஸ்டால்காரர் சத்தியம் பண்ண, அம்மா பேரம் பேசி, சொன்ன விலையில் பாதிக்கு வாங்கி வந்திருந்தார். அன்றிலிருந்து அப்பா டீ டம்ளரோடு ஹால் பக்கம் வரக்கூடாது. வீட்டில் 144!

இந்த வருஷம் பிரச்னை ஆரம்பித்தது. பெருக்கும்போதெல்லாம் கார்ப்பெட்டுக்கு அடியில் மைதா மாதிரி வெள்ளைத் தூள். கரையான் என்று நினைத்து மருந்து அடித்தோம். தூள் நிற்கிற மாதிரி இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாயி ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, “அதைக் கவுத்துப் போடு சாமி, பாக்கலாம்” என்றார்.

கவிழ்த்துப் போட்டோம். பின்பக்கம் பூவும் இல்லை, காயும் இல்லை. முரட்டுத் துணி ஒன்று ஒட்டியிருந்தது. மூலையைக் கொஞ்சம் பிரித்தால், உள்ளே காய்ந்துபோன ரப்பர் பசை பொலபொலவென்று உதிர்கிறது. குஞ்சத்தைத் தனியாகத் தைத்திருக்கிறார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கையால செஞ்சதுன்னு சொன்னானேடா...”

“சீலை எடுக்கறப்ப முந்தியைத் திருப்பிப் பாக்காம எடுப்பியா? இதுக்கு மட்டும் ஏன் திருப்பல?” - அம்மாயி அவ்வளவுதான் சொன்னார்.

நியாயமான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு ரெண்டு மாசம் கார்ப்பெட் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். செமஸ்டருக்குக்கூட இவ்வளவு படித்ததில்லை. அந்தக் கதைதான் இந்த வாரம்.

*பொய் இல்லாத பொய்*

முதல் ஷாக் என்ன தெரியுமா? ஸ்டால்காரர் பொய் சொல்லவில்லை!

எங்க வீட்டு வி.ஐ.பி.யின் ஜாதகம் இதுதான். ஒரு துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்டி, அதன் மேல் டிசைனை வரைந்து, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைக் குத்திக்கொண்டே போவார்கள். நூல் கழன்றுவிடாமல் இருக்கப் பின்பக்கம் ரப்பர் பால் பசை பூசி, அதை மறைக்க ஒரு துணி ஒட்டுவார்கள். இதற்கு ‘டஃப்டட்’ என்று பெயர். கருவியைப் பிடித்தது மனுஷக் கைதானே? ஸோ, ஹேண்ட்மேட்! சில நாளில் முடிந்துவிடும் வேலை. பசை காய்ந்து உதிர ஆரம்பித்தால் ஆயுசும் முடிந்துவிடும்.

நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ‘கையால முடிச்சு போட்டதா?’ என்பது. ஈரான், துருக்கி, காகசஸ், மத்திய ஆசியா, காஷ்மீர் எனக் கிழக்கு தேசத்துக் கம்பளங்களின் உயிரே அந்த முடிச்சில்தான் இருக்கிறது.

*ஜமக்காளத்தில் இருந்து ஆரம்பிப்போம்*

அம்மாயி வீட்டில் ஒரு பவானி ஜமக்காளம் இருக்கிறது. மூணு கல்யாணம், ஏழெட்டு காதுகுத்து பார்த்த சீனியர். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஜமக்காளத்தில் ஊடை நெருக்கமாக விழுந்து பாவை மூடிவிடும். ஊடையின் கலரை மாற்றினால் பட்டை ரெடி.

துருக்கி, ஈரான் பக்கம் ‘கிலிம்’ என்று ஒரு விரிப்பு உண்டு. இதுவும் ஜமக்காளத்துக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். ஆனால், அதில் ஒரு கலர் ஊடை இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை போகாது. தன் ஏரியா முடிந்ததும் யூ-டர்ன் போட்டுத் திரும்பிவிடும். பக்கத்துக் கலரும் அதே இடத்தில் யூ-டர்ன். ரெண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு கீறல் விழும். கீறல் நீளமானால் துணி பலவீனமாகிவிடும் இல்லையா? அதனால் படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளிக் கொண்டுபோவார்கள். கிலிமில் எங்கே பார்த்தாலும் படிக்கட்டும் டைமண்டுமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். டிசைனின் பாதியைத் தறியே முடிவு செய்துவிடுகிறது.

முடிச்சுக் கம்பளத்தில் பாவு, ஊடையோடு மூன்றாவதாக ஒரு நூல் வருகிறது. ஒரு துண்டுக் கம்பளி நூலை எடுத்து, அடுத்தடுத்த ரெண்டு பாவு இழைகளில் சுற்றி, முனைகளை முன்பக்கம் இழுத்து, கத்தியால் வெட்டு. அடுத்த முடிச்சு. இப்படியே ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஒன்றிரண்டு தடவை ஓட்டி, கனமான சீப்பால் ‘தட் தட்’ என்று அடித்து இறுக்க வேண்டும். மறுபடி அடுத்த வரிசை. நம் காலுக்கு மெத்தென்று படுவது இப்படி வெட்டிய நூல் முனைகள். ஓரத்தில் தொங்கும் குஞ்சம் பாவு நூலின் மிச்சம். அதைத் தனியாகத் தைத்திருந்தால் உஷார்!

*ரெண்டே ரெண்டு முடிச்சு*

முக்கியமான முடிச்சு ரெண்டு வகை. நூலை ரெண்டு பாவு இழையிலும் சமமாகச் சுற்றி, முனைகளை நடுவில் வெளியே எடுத்தால் துருக்கி முடிச்சு. ஒரு இழையை முழுசாகச் சுற்றி, இன்னொன்றுக்குப் பின்னால் மட்டும் போய் வந்தால் பாரசீக முடிச்சு. பாரசீக முடிச்சை நெருக்கமாகப் போட வசதி என்பார்கள். துருக்கி முடிச்சுக்குப் பிடிமானம் ஜாஸ்தி.

பெயரை நம்பி ஏமாறாதீர்கள். ஈரானில் இருக்கும் தப்ரீஸ் நகரத்தில் துருக்கி முடிச்சுதான் போடுகிறார்கள். பாரசீக முடிச்சுக்கு ‘சென்னே முடிச்சு’ என்று இன்னொரு பெயர் உண்டு. ஆனால், அந்த சென்னே ஊர்க்காரர்கள் போடுவது துருக்கி முடிச்சு! யார் பெயர் வைத்தார்களோ, அவர்கள் கம்பளத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை போல.

இந்தக் கலைக்கு என்ன வயசு இருக்கும்? 1949-ல் சைபீரியாவின் அல்தாய் மலையில், பாஸிரிக் என்ற இடத்தில் ருதென்கோ என்ற ரஷ்ய ஆய்வாளர் ஒரு பழைய சமாதியைத் தோண்டினார். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திருடர்கள் அதை உடைத்திருந்தார்கள். அந்த வழியாக உள்ளே போன தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்து, அங்கே இருந்த கம்பளத்தை ஃப்ரிட்ஜில் வைத்த மாதிரி காப்பாற்றிவிட்டது. கிட்டத்தட்ட 2,300 வருஷத்துக்கும் மேல் பழசு. ஓரத்தில் மான்கள், குதிரை வீரர்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 36 முடிச்சு! இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் மியூசியத்தில் இருக்கிறது. அதாவது, நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழுக் கம்பளமே கத்துக்குட்டி வேலை இல்லை. அதற்கும் முன்னால் எத்தனை தலைமுறை கை பழகியிருக்க வேண்டும்!

*மாங்காயும் மெகாபிக்ஸலும்*

இனி டிசைன். நம்ம பாஷையில் சொன்னால், ஒரு முடிச்சு ஒரு பிக்ஸல். அப்பாவின் பழைய நோக்கியா போனில் பாம்பு கேம் ஆடியிருக்கிறீர்களா? பாம்பு சதுரம் சதுரமாகத்தான் திரும்பும். முடிச்சு குறைவாக இருக்கும் கம்பளமும் அப்படித்தான். வளைவு போட்டால் பல்லைக் காட்டும். அதனால் முரட்டு நூலில் நெய்பவர்கள் கோடு, எண்கோணம், டைமண்ட் என்று போய்விடுவார்கள். முடிச்சு நெருங்க நெருங்க, கொடி வளையும், இதழ் விரியும், பறவைக்குக் கண் வரும்.

தென்மேற்கு ஈரானின் ஃபார்ஸ் பகுதியில், ஆடு மேய்த்தபடி இடம் மாறிக்கொண்டே இருக்கும் இனத்தவர்கள் தரையில் படுக்கவைத்த தறியில் நெய்கிறார்கள். தறி கட்டுவது ஆண்கள். நூற்பது, கலரைத் தேர்ந்தெடுப்பது, டிசைன், நெசவு எல்லாம் பெண்கள். வரைபடம் கிடையாது. எல்லாம் மனசில்தான். அதனால் ஒருவரே ரெண்டு தடவை நெய்தாலும் ஒரே மாதிரி வராது. சிவப்புக்கு மஞ்சிட்டி இன வேர், நீலத்துக்கு அவுரி, இன்னும் மாதுளைத் தோல், வால்நட் தோல் என்று சாயம் காய்ச்சுவார்கள். சின்னச் சின்ன அளவில் காய்ச்சுவதால் ஒரு தடவை வந்த சிவப்பு மறு தடவை வராது. கம்பளத்தின் நடுவில் திடீரென்று ஒரு பட்டை வெளிறித் தெரிந்தால், சாயச் சட்டி மாறியிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு ‘அப்ரஷ்’ என்று பெயர். தெரிந்தவர்கள் இதைக் குறையாக எண்ணுவதில்லை.

காஷான் மாதிரி ஊர்களில் கதையே வேறு. அங்கே டிசைனர் கட்டம் போட்ட பேப்பரில் வரைந்து கொடுப்பார். ஒரு கட்டம், ஒரு முடிச்சு. காஷ்மீரில் இன்னும் ஒரு படி மேலே. ‘தாலீம்’ என்று ஒரு குறியீட்டு எழுத்து. எந்தக் கலரில் எத்தனை முடிச்சு என்பதைச் சுருக்கெழுத்தில் எழுதி, ஒருவர் ராகமாக வாசிக்க, தறியில் இருப்பவர்கள் அதன்படி போட்டுக்கொண்டே போவார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் எழுந்து நின்று ஒரு சல்யூட் அடிக்கலாம்!

டிசைன்களில் நமக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு. பட்டுச் சேலையில் நாம் ‘மாங்கா’ என்கிறோமே, அவரேதான். பாரசீகத்தில் ‘போத்தே’. காஷ்மீர் சால்வை வழியாக ஐரோப்பா போய், அதைக் காப்பியடித்து நெய்த ஸ்காட்லாந்து ஊரின் பெயரால் ‘பெய்ஸ்லி’ ஆகிவிட்டார். நாலு பகுதியாகப் பிரித்த தோட்டம், துர்க்மேன் இனத்தவரின் எண்கோண ‘குல்’ சின்னம், தொழுகை விரிப்பில் மசூதியின் வளைவு என்று ஒவ்வொன்றும் ஒரு ஊர்க் கதை.

‘கடவுள் மட்டும்தான் பர்ஃபெக்ட், அதனால் வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டு நெய்வார்கள்’ என்று கடைகளில் ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், லட்சக்கணக்கில் முடிச்சு போடும் கைக்குத் தப்பு தானாகவே வரும். பிளான் பண்ண வேண்டியதில்லை.

*கால்குலேட்டர் எடுங்க*

நாலுக்கு ஆறு அடி கம்பளம். 3,456 சதுர அங்குலம். அங்குலத்துக்கு 100 முடிச்சு என்றாலே 3,45,600 முடிச்சு. கை பழகியவர் ஒரு நாளைக்கு 8,000 முடிச்சு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 43 நாள். அங்குலத்துக்கு 300 என்றால் கிட்டத்தட்ட 130 நாள். ஒரு மனுஷருக்கு ஒரு செமஸ்டர்!

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் ‘அர்தபில் கம்பளம்’ இருக்கிறது. 10 மீட்டருக்கு மேல் நீளம், 5 மீட்டருக்கு மேல் அகலம். 1893-ல் வில்லியம் மோரிஸ் பார்த்துவிட்டு வாங்கச் சொல்ல, 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். இதில் இரண்டரைக் கோடிக்கும் மேல் முடிச்சு. நம் கணக்குப்படி பத்துப் பேர் ஒரு நாள்கூட லீவு போடாமல் உட்கார்ந்தாலும் பத்து மாசத்துக்கு மேல். நிஜத்தில் வருஷக்கணக்கில் ஆகியிருக்கும்.

அதன் ஒரு முனையில் ஹிஜ்ரி 946 என்று வருஷம் நெய்திருக்கிறது. அதாவது 1539-40. கூடவே, மக்சூத் காஷானி என்ற பெயர். வேலையை நடத்தியவராக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த இரண்டரைக் கோடி முடிச்சைப் போட்டவர்களின் பெயர்? ஒன்றுகூட இல்லை.

*திருட்டு முடிச்சு*

இவ்வளவு நேரம் பிடிக்கும் வேலையில் ஷார்ட்-கட் இல்லாமல் இருக்குமா? உண்டு. ‘ஜுஃப்தி’ என்று பெயர். ரெண்டு பாவு இழையில் போட வேண்டிய முடிச்சை நாலு இழையில் போட்டுவிடுவது. வேலை பாதி, நூல் பாதி. முன்பக்கம் பார்த்தால் புத்தம் புதுசில் வித்தியாசம் தெரியாது. நாள்பட நாள்பட அடர்த்தி இல்லாமல் தேய்ந்து பல்லிளிக்கும். நம்ம ஊரில் ரெக்கார்ட் நோட்டில் ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் எழுதுவோமே, அந்த டெக்னிக்.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தேன். முடிச்சுக்கு இவ்வளவு என்று கூலி எண்ணும் இடத்தில், கூலி வயிற்றுக்கே பத்தாத நாளில், என் விரல் மட்டும் யோக்கியமாக இருந்திருக்குமா? சத்தியமாகத் தெரியவில்லை.

*பின்பக்கமும் சொல்லாதது*

ஆக, கவிழ்த்துப் பார்த்தால் நிறையத் தெரியும். டிசைன் பின்னாலும் பளிச்சென்று தெரிந்து, வரிசைகள் லேசாக முன்னே பின்னே இருந்தால், கை முடிச்சு. அச்சடித்த மாதிரி ஒரே சீராக இருந்து, குஞ்சமும் தையல் என்றால் மெஷின். துணி ஒட்டி மறைத்திருந்தால் எங்க வீட்டு வி.ஐ.பி. ஒரு அங்குலத்துக்குள் முடிச்சை எண்ணலாம். திருட்டு முடிச்சுகூட கூர்ந்து பார்த்தால் மாட்டிக்கொள்ளும்.

ஒன்று மட்டும் தெரியாது. யார் கை?

பாகிஸ்தானில் இக்பால் மஸீஹ் என்று ஒரு பையன். வீட்டில் வாங்கிய சில நூறு ரூபாய்க் கடனுக்காக 4 வயசில் கார்ப்பெட் தறியில் உட்கார வைத்தார்கள். கடன் வளர்ந்ததே தவிர, தீரவில்லை. 10 வயசில் தப்பித்தான். மற்ற பிள்ளைகளை விடுவிக்க ஊர் ஊராகப் பேசினான். 1994-ல் அமெரிக்கா வரை போய் விருது வாங்கினான். 1995 ஏப்ரலில் அவனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயசு 12.

‘சின்ன விரல் இருந்தால்தான் நுணுக்கமான முடிச்சு வரும்’ என்று இந்தத் தொழிலில் ரொம்ப காலமாக ஒரு சாக்கு சொல்லி வந்தார்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பு இந்தியக் கார்ப்பெட் தொழிலை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட ஆய்வு, இது கட்டுக்கதை என்று காட்டியது. உயர்ரக நுணுக்க வேலையில் குழந்தைகள் பெரியவர்களைவிட ஒன்றும் ஒசத்தி இல்லை. சின்ன விரலுக்கு இருந்த ஒரே தகுதி, அது கூலி கேட்டுச் சண்டை போடாது என்பதுதான்.

நமக்கு முன்னால் இருக்கும் நல்ல உதாரணங்களையும் சொல்ல வேண்டும். காஷான், ஃபார்ஸ் ரெண்டு ஊர் நெசவையும் 2010-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. காஷானில் பாட்டியும் அம்மாவும் பெண்ணுக்குத் தறியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். தறியில் குழந்தை உட்கார்ந்தாலே குற்றம் என்று முடிவு கட்டவும் முடியாது. சொல்லிக் கொடுப்பதும் கட்டிப் போடுவதும் வேற வேற. அந்த வித்தியாசம் கம்பளத்தின் முன்பக்கத்திலும் தெரியாது, பின்பக்கத்திலும் தெரியாது.

அதற்காகத்தான் 1994-ல் கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் ‘ரக்மார்க்’ முத்திரை வந்தது. குழந்தை உழைப்பு இல்லை என்று தறிகளைச் சோதித்து, எண் போட்ட லேபிள் கொடுக்கும் ஏற்பாடு. 2009-ல் அதன் பெயர் ‘குட்வீவ்’ ஆனது. சத்யார்த்திக்கு 2014-ல் அமைதி நோபல் கிடைத்தது. லேபிள் இருந்தால் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. கேட்க ஒரு கேள்வியாவது நம் கையில் இருக்கிறது.

இவ்வளவும் சொல்கிறானே, இவன் பெர்ஷியன் கார்ப்பெட் வாங்கப் போகிறானா என்று கேட்கிறீர்களா? அரியர் ஃபீஸ் கட்டவே இங்கே ததிங்கிணத்தோம்! ஆனால், பார்க்கக் காசு வேண்டாம். கவிழ்த்துப் பார்க்கவும் வேண்டாம்.

போன மாசம் அம்மாவோடு ஒரு எக்ஸிபிஷன் போனேன். ‘ஹேண்ட்மேட் மேடம்’ என்று ஸ்டால்காரர் ஆரம்பித்ததும், அம்மா ஹேண்ட்பேகை என்னிடம் கொடுத்துவிட்டு, தரையில் மண்டியிட்டு, கார்ப்பெட்டின் மூலையைத் திருப்பினார். ஸ்கேல் இல்லாததால் விரல் கணக்கில் முடிச்சை எண்ணினார். நிமிர்ந்து, “முடிச்சு சரி. இதை யாருப்பா போட்டது?” என்று கேட்டார்.

ஸ்டால்காரர் பதில் சொல்லவில்லை. “உட்காருங்க மேடம்” என்று சேர் எடுத்துப் போட்டார். அம்மா உட்கார்ந்தார். பதில் வரும்வரை எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. அரை மணி நேரம் ஹேண்ட்பேகோடு நின்றது நான்தான்!

ஹாலில் இப்போது அம்மாயியின் ஜமக்காளம். அப்பா டீயோடு அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். 144 வாபஸ்.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோமா?